மதுரையும் நகர்கிறது: புவித்தட்டுகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

கீழடியில் மனிதர்கள் செங்கல் அடுக்கி வீடு கட்டிய காலத்திலிருந்து இன்றைக்குள் மதுரை ஏறத்தாழ 130 மீட்டர் வடகிழக்காக நகர்ந்துவிட்டது. மீனாட்சியம்மன் கோயில் வெளிமதிலின் ஒரு பக்கத்தில் பாதி நீளம் என்று வைத்துக்கொள்ளலாம். கணக்கு ஒன்றும் கடினமில்லை. இந்தியாவைச் சுமக்கும் பாறைத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் நகர்கிறது. கீழடியின் பழைய அடுக்குகளுக்கு வயது ஏறத்தாழ 2,600 ஆண்டு. இரண்டையும் பெருக்கினால் விடை வந்துவிடும்.

ஊரே நகர்ந்தால் நமக்குத் தெரியாதா? தெரியாது. கோயிலும் தெப்பக்குளமும் வைகையும் யானைமலையும் சேர்ந்தே போகின்றன. பக்கத்தில் எதுவும் நிற்காதபோது எதை வைத்து நகர்வைக் கண்டுபிடிப்பது? அதனால்தான் மிக அண்மைக் காலம்வரை இதை நேரடியாக அளக்க முடியவில்லை. இப்போது கையில் இருக்கும் செல்போனுக்கு வழிகாட்டுகிற அதே ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள்தான் இதற்கும் உதவுகின்றன. ஜி.பி.எஸ். கருவி ஒன்றைப் பாறையில் அசையாமல் பொருத்திவிட்டு, அது இருக்கும் இடத்தை ஆண்டுக்கணக்கில் மில்லிமீட்டர் துல்லியத்தில் குறித்துக்கொண்டே வருவார்கள். பெங்களூருவில் அப்படி ஒரு கருவி 1990-களிலிருந்தே வேலை செய்கிறது. அது காட்டும் திசையும் வேகமும் மதுரைக்கும் ஏறக்குறைய அதேதான். இரண்டு ஊரும் ஒரே தட்டில் இருக்கின்றன.

சரி, தட்டு என்றால் என்ன? நாம் நிற்கும் இடத்திலிருந்து பூமியின் மையம் 6,371 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. மேலே இருப்பது மேலோடு. கண்டங்களுக்கு அடியில் அதன் தடிமன் பொதுவாக 30 முதல் 50 கிலோமீட்டர். கடலுக்கு அடியில் வெறும் 7 கிலோமீட்டர் அளவுதான். அதற்குக் கீழே 2,900 கிலோமீட்டர் ஆழம்வரை கவசம் என்கிற பாறை அடுக்கு. அதற்கும் கீழே பெரும்பாலும் இரும்பாலான கரு. மேலோடும் கவசத்தின் மேல்பகுதியும் ஒட்டிக்கொண்டு, சுமார் 100 கிலோமீட்டர் தடிமனில், விறைப்பான ஒரே பாளமாக இருக்கின்றன. இந்தப் பாளம் உலகம் முழுக்க ஏழு பெரிய துண்டுகளாகவும், இன்னும் பல சின்னத் துண்டுகளாகவும் உடைந்து கிடக்கிறது. அந்தத் துண்டுகளைத்தான் புவித்தட்டுகள் என்கிறோம்.

கடற்கரையோடு தட்டு முடிந்துவிடுகிறது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ராமேஸ்வரத்தில் தட்டு முடிவதில்லை. இலங்கையும் நம் தட்டில்தான் இருக்கிறது. வங்காள விரிகுடாவின் தரையும் அரபிக்கடல் தரையில் ஒரு பெரும்பகுதியும் இதே தட்டைச் சேர்ந்தவை. வடக்கே இமயமலை, கிழக்கே அந்தமான், சுமத்ரா தீவுகளுக்குச் சற்று மேற்கே, மேற்கே அரபிக்கடலின் நடுவில் நீருக்குள் ஓடும் ஒரு மலைத்தொடர், இவைதான் இந்தியத் தட்டின் விளிம்புகள்.

இதைவிடப் பரவலான தவறான எண்ணம் இன்னொன்று உண்டு. நிலத்துக்கு அடியில் தீக்குழம்புக் கடல் ஒன்று கொதித்துக்கொண்டிருக்கிறது, அதன்மேல் தட்டுகள் மிதக்கின்றன என்பார்கள். கவசம் திடப்பொருள்தான். நிலநடுக்கத்தில் கிளம்பும் அலைகளில் ஒரு வகை, பக்கவாட்டில் அசைந்தபடி போகிற வகை, திரவத்துக்குள் நுழையவே நுழையாது. அது கவசத்தின் ஊடே தாராளமாகப் போய் வருகிறது. ஆக, அங்கே இருப்பது கெட்டிப் பாறை. ஆனால் கெட்டிப் பாறையும் நகரும். ரோடு போடுகிற இடத்தில் கிடக்கும் தார் டின்னைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இறுகிக் கிடக்கும் தாரைச் சுத்தியலால் அடித்தால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். அதே டின்னைச் சாய்த்துப் போட்டுச் சித்திரை வெயிலில் சில நாள் விட்டுவிட்டால், வாய்ப்பக்கமாக மெல்ல வழிந்து தரையில் பரவியிருக்கும். கவசப் பாறையின் குணமும் இதுதான். நொடிக்கணக்கில் பார்த்தால் கல். லட்சக்கணக்கான ஆண்டுகளில் பார்த்தால் ஒழுகுகிற பொருள். அதன்மேல் தட்டுகள் நகர்கின்றன.

நகர்த்துவது எது? அடிப்படையில் சூடு. பூமி உருவானபோது மிஞ்சிய வெப்பமும், யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிரியக்கத்தால் இன்றும் உண்டாகிக்கொண்டிருக்கும் வெப்பமும் உள்ளே இருக்கின்றன. சூடான பாறை மெல்ல மேலே வரும். குளிர்ந்தது கீழே இறங்கும். பள்ளிக்கூடப் புத்தகங்கள் இந்தச் சுழற்சியை வட்ட வட்ட அம்புகளாக வரைந்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. முக்கியமான பாதி அதில் விடுபட்டுப் போகிறது என்பது என் எண்ணம். தட்டை அதிகமாக இழுப்பது அதன் சொந்த எடைதான். கடலடித் தரை பிறந்தபோது சூடாக, லேசாக இருக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகளில் அது குளிர்ந்து, கனத்து, கடைசியில் கீழே இருக்கும் பாறையைவிடப் பாரமாகிக் கவசத்துக்குள் அமிழத் தொடங்கும். அமிழும் முனை, பின்னால் இருக்கும் முழுத் தட்டையும் இழுத்துக்கொண்டு போகும். பசிபிக் தட்டு வேகமாக நகர்வதற்குக் காரணம், அதன் விளிம்பில் பெரும்பகுதி இப்படி அமிழ்ந்துகொண்டிருப்பதுதான்.

தட்டின் நடுவில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. நடப்பதெல்லாம் விளிம்பில். இரண்டு தட்டுகள் விலகுகிற இடத்தில் கீழே அழுத்தம் குறைவதால் பாறை உருகிக் கற்குழம்பாக மேலே வந்து, உறைந்து, புதிய கடல் தரையாகிறது. கடல்களின் அடியில் இப்படி விலகும் விளிம்புகள் மலைத்தொடராகவே சுமார் 65,000 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடுகின்றன. ஐஸ்லாந்தில் அது தண்ணீருக்கு மேலே தலைகாட்டுகிறது. இரண்டு தட்டுகள் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகும் இடமும் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியா அதற்குப் பேர்போனது. மூன்றாவது, தட்டுகள் ஒன்றையொன்று முட்டும் இடம். கடல் தரை கண்டத்துக்கு அடியில் நுழைந்தால் ஆழமான அகழியும் எரிமலை வரிசையும் வரும்: ஜப்பான், இந்தோனேசியா, தென் அமெரிக்காவின் ஆண்டிஸ். இரண்டு பக்கமும் கண்டமாகவே இருந்தால், கண்டப் பாறை லேசானது என்பதால் எதுவும் எளிதில் அமிழாது. மடிந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மலையாக உயரும். இமயமலை அப்படி வந்ததுதான்.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது தனிக் கதை. ஜெர்மானியரான ஆல்ஃபிரட் வெக்னர் 1912-இல் கண்டங்கள் நகர்கின்றன என்றார். குளோசாப்டெரிஸ் என்ற அழிந்துபோன செடியின் இலைப் பதிவுகள் இந்தியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா, அண்டார்டிகா எல்லாவற்றிலும் கிடைக்கின்றன. நடுவில் இத்தனை கடல் இருக்கும்போது அது எப்படிப் பரவியிருக்கும்? கண்டங்கள் ஒருகாலத்தில் ஒட்டியிருந்தால்தானே முடியும்? கேள்வி சரிதான். ஆனால் எந்த விசை நகர்த்தியது என்று அவரால் ஏற்கும்படி சொல்ல முடியவில்லை. பெரும்பாலோர் நம்பவில்லை. 1930-இல் கிரீன்லாந்துப் பனியில் ஆய்வுப் பயணத்தின்போதே அவர் இறந்துபோனார்.

விடை கடலுக்கு அடியில் இருந்தது. 1950-களில் மேரி தார்ப் என்ற அமெரிக்கப் பெண் ஆய்வாளர், கப்பல்கள் அளந்துவந்த ஆழக் கணக்குகளை வைத்து அட்லாண்டிக் கடலடியை வரைந்தார். நடுக்கடல் மலைத்தொடரின் உச்சியில் நீளமாக ஒரு பிளவுப் பள்ளம் ஓடுவது அவர் கையில்தான் முதலில் துலங்கியது. 1962-இல் அமெரிக்க நிலவியலாளர் ஹாரி ஹெஸ், கடல் தரை அந்தப் பிளவில் பிறந்து இரண்டு பக்கமும் விலகிப் போகிறது என்ற கருத்தை வெளியிட்டார். அடுத்த ஆண்டே அதற்குச் சாட்சி சொல்லும் வழி கிடைத்தது. பூமியின் காந்தப்புலம் அவ்வப்போது வடக்கு தெற்காகத் தலைகீழாகும். கற்குழம்பு உறையும்போது அந்த நேரத்துக் காந்தத் திசை கல்லுக்குள் பதிந்துவிடும். பிளவின் இரண்டு பக்கமும் அளந்து பார்த்தால் நேர், தலைகீழ், நேர் என்று காந்தப் பட்டைகள் ஒரே வரிசையில் இருக்கின்றன. தரை நடுவில் பிறந்து இருபுறமும் விலகியிருந்தால் மட்டுமே இது சாத்தியம். இன்றைய கடல் தரையில் ஏறக்குறைய எதுவும் 18 கோடி ஆண்டைவிடப் பழையது இல்லை. அதற்கு முந்தையதெல்லாம் கவசத்துக்குள் போய்விட்டது.

இந்தக் கதையில் நம் கொடைக்கானலுக்கும் ஒரு பங்கு உண்டு. 1960-களில் நிலத்தடி அணுகுண்டுச் சோதனைகளைக் கண்டுபிடிப்பதற்காக அமெரிக்கா உலகமெங்கும் ஒரே மாதிரியான நிலநடுக்கப் பதிவுக் கருவிகளை நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் நிறுவ உதவியது. இந்தியாவில் டெல்லி, ஷில்லாங், புனே, அப்புறம் கொடைக்கானல். குண்டுக்காக வைத்த கருவிகள் நிலநடுக்கங்களை அதுவரை இல்லாத துல்லியத்தில் பதிந்தன. உலக வரைபடத்தில் அவற்றைப் புள்ளியாக வைத்தபோது, புள்ளிகள் சிதறிக் கிடக்காமல் மெல்லிய கோடுகளாகச் சேர்ந்தன. அந்தக் கோடுகள்தான் தட்டுகளின் விளிம்புகள். 1960-களின் கடைசிக்குள் புவித்தட்டுக் கோட்பாடு நிலைபெற்றுவிட்டது. மதுரையிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஒரு மலையூரின் பதிவுகளும் அதில் சேர்ந்திருக்கின்றன என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்.

இப்போது இந்தியாவின் பயணத்துக்கு வருவோம். தென்பகுதிக் கண்டங்கள் எல்லாம் ஒன்றாக இருந்த நிலப்பரப்புக்குக் கோண்டுவானா என்று பெயர். அது சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் உடையத் தொடங்கியது. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரும் நம்மை விட்டுப் பிரிந்தது. அதன்பிறகு இந்தியா வடக்கே விரைந்தது. ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கும் மேல். தட்டுகளின் கணக்கில் இது அசுர வேகம். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மகாராஷ்டிரப் பக்கம் எரிமலைக் குழம்பு பெருகி உறைந்து தக்காணத்தின் கருங்கல் அடுக்குகள் ஆயிற்று. அந்தக் கற்களில் பதிந்த காந்தத் திசையை அளந்தால், அவை உறைந்தபோது பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருந்தன என்று தெரிகிறது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா ஆசியாவில் போய் முட்டியது. நடுவில் இருந்த டெத்திஸ் கடல் மூடிக்கொண்டது. அதற்கும் வெகு முன்பே இந்தியாவின் வடக்கு ஓரக் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல்தான் இன்று 8,848.86 மீட்டர் உயரத்தில் எவரெஸ்ட் உச்சியில் இருக்கிறது, கடல் உயிரினங்களின் எச்சத்தோடு. முட்டல் இன்னும் ஓயவில்லை. 2015-இல் நேபாளத்தை உலுக்கிய 7.8 அளவு நிலநடுக்கம் அதன் தொடர்ச்சி.

இமயமலைக்கு இவ்வளவு சொல்லிவிட்டு நம் ஊர்க் குன்றுகளை விட்டுவிட்டால் நியாயமில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதியே இதுதான். கீழக்குயில்குடி சமணர் மலைக்கோ ஒத்தக்கடை யானைமலைக்கோ போனால் சிற்பங்களையும் கற்படுக்கைகளையும் பார்த்துவிட்டு வருகிறோம். அடுத்த முறை பாறையையும் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகள் பலவற்றில், வெயிலில் கறுக்காத புதிய முகத்தில், வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி வரிகளாக ஓடும். சில இடங்களில் இளஞ்சிவப்பும் சேரும். வரிகள் நேராகப் போய்த் திடீரென்று வளைந்து, மடிந்து, சுருண்டு திரும்பும். வெள்ளை வரியில் இருப்பது குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும். கறுப்பு வரியில் மைக்கா முதலிய கருந்தாதுக்கள். இந்த வரிக்கல்லுக்கு நைஸ் என்று பெயர். மேற்பரப்பில் இருக்கும் கல் இப்படி வளையாது, உடையும். இது வளைந்திருக்கிறது என்றால், வளையும் அளவுக்குச் சூடும் அழுத்தமும் இருந்த ஆழத்தில் வளைந்திருக்கிறது.

இன்னும் கிட்டத்தில் பார்க்க வேண்டுமா? சமையல் மேடைக்குக் காஷ்மீர் ஒயிட் என்ற கிரானைட் போட்டிருந்தால் போதும். பெயர் அப்படி; வெட்டி எடுப்பது மேலூர்ப் பக்கம். வெள்ளைக் கல்லில் மிளகளவுக்கும் சின்னதாகச் செந்நிறப் புள்ளிகள் தெறித்திருக்கும். கறை என்று தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. அது கார்னெட் என்ற தாது, கல்லோடு பிறந்தது. திருநெல்வேலி, தூத்துக்குடிக் கடற்கரைகளில் செந்நிறமாக ஒதுங்கும் மணலும் இதே தாதுதான், இத்தகைய பாறைகள் தேய்ந்து ஆறுகளில் வந்தது. கார்னெட்டிலும் அதை ஒட்டியிருக்கும் தாதுக்களிலும் எந்தத் தனிமம் எவ்வளவு என்று அளந்தால், அந்தக் கல் எந்தச் சூட்டில், எந்த ஆழத்தில் உருவானது என்று கணக்கிடலாம். மதுரை வட்டாரத்துப் பாறைகள் சில 900 டிகிரி செல்சியஸுக்கும் மேலான சூட்டைக் கண்டவை, 25 கிலோமீட்டருக்கும் கீழே. காலத்தைச் சொல்வது சிர்க்கான் என்ற நுண்மணி. அதற்குள் இருக்கும் யுரேனியம் தெரிந்த வேகத்தில் ஈயமாக மாறும். அந்தக் கணக்கு, நம் பாறைகள் கடைசியாக வெந்து உருமாறிய காலம் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் என்று காட்டுகிறது.

அந்தக் காலம் கோண்டுவானா துண்டு துண்டாக வந்து ஒன்றுசேர்ந்த காலம். கண்டங்கள் முட்டிக்கொண்டன, மலைத்தொடர்கள் எழுந்தன. பாலக்காட்டிலிருந்து காவிரி வரை ஓடும் ஒரு பட்டைக்கும் தெற்கே அச்சன்கோவில் பட்டைக்கும் இடைப்பட்ட நிலத்தை உலகெங்கும் நிலவியலாளர்கள் 'மதுரை பிளாக்' என்றே ஆய்வுக் கட்டுரைகளில் எழுதுகிறார்கள். வடக்கே உள்ள அந்தப் பாலக்காடு-காவிரிப் பட்டையில் பழைய கடல் ஒன்று மூடிக்கொண்டது என்பது ஆய்வாளர்கள் பலரின் முடிவு. அதாவது, இன்று இமயமலையில் நடப்பது அன்று இங்கே நடந்தது. அந்த மலைத்தொடரின் மேல்பகுதி மழையிலும் காற்றிலும் தேய்ந்து போய்விட்டது. பாரம் குறையக் குறைய அடிப்பாறை மேலே உயர்ந்தது. இமயமலையின் அடி ஆழத்தில் இப்போது என்ன நடக்கிறது என்று துளை போட்டுப் பார்க்க எந்தக் கருவியாலும் முடியாது. அரிட்டாபட்டிக்கோ திருப்பரங்குன்றத்துக்கோ பஸ் ஏறிப் போனால், அப்படிப்பட்ட ஆழத்துப் பாறையின்மேல் நடக்கலாம். 2022-இல் அரிட்டாபட்டியைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது எனக்குப் பெரிய நிம்மதி. குவாரிகளில் அறுபட்டுப் போன குன்றுகள் இன்னொரு முறை உருவாக எத்தனை கோடி ஆண்டு ஆகும் என்று இப்போது தெரிந்திருக்கும்.

மடகாஸ்கர் பிரிந்ததன் தடம் மேற்கே இருக்கிறது. கண்டம் பிளந்தபோது பிளவின் விளிம்பு உயர்ந்து நின்றது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தொடக்கம் இதுதான் என்று பலர் கருதுகிறார்கள். மேற்கு ஓரம் உயர்ந்ததால் தீபகற்பம் கிழக்கே சாய்ந்தது. வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகைக்கு அரபிக்கடல்தான் பக்கம். ஆனாலும் அது மலையை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு, மதுரை வழியாகக் கிழக்கே ராமநாதபுரத்தைத் தேடிப் போகிறது. மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிய பெரியாற்று நீரை இந்தப் பக்கம் கொண்டுவர, பென்னிகுயிக் 1895-இல் அணையும் மலையைக் குடைந்த சுரங்கமும் கட்டி முடிக்க வேண்டியிருந்தது.

இதைப் படிப்பவர்கள் கடைசியில் கேட்கும் கேள்வி: மதுரைக்கு நிலநடுக்கம் வருமா? நாம் தட்டின் நடுப்பகுதியில் இருக்கிறோம், ஆபத்து குறைவு. ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. தட்டு முன்னால் போய் முட்டும்போது அழுத்தம் உள்ளேயும் பரவும். பழைய விரிசல்களில் அது எப்போதாவது வெளிப்படும். 1900 பிப்ரவரி 8-ஆம் தேதி கோயம்புத்தூர்ப் பக்கம் சுமார் 6 அளவில் ஒரு நிலநடுக்கம் வந்தது. 1993-இல் மகாராஷ்டிரத்தின் லாத்தூரில் 6.2 அளவில் வந்தது. ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். அதுவும் தட்டின் நடுப்பகுதிதான். இடிந்தவற்றில் பெரும்பாலானவை மண்சாந்து பூசி அடுக்கிய கனத்த கல்வீடுகள்.

கடலோரத்துக்கு விளிம்பிலிருந்து வரும் ஆபத்து வேறு. 2004 டிசம்பர் 26 காலை 6.28 மணிக்குச் சுமத்ராவுக்கு அருகே 9.1 அளவில் நிலம் அதிர்ந்தது. அங்கே இந்தியத் தட்டு கிழக்குத் தட்டுக்கு அடியில் நுழைகிறது. உரசல் பூட்டிக்கொண்டதால் மேல் தட்டின் விளிம்பு நெடுங்காலம் கீழே இழுபட்டு வளைந்திருந்தது. பூட்டு விடுபட்டதும் அது நிமிர்ந்து, கடலடியைச் சில மீட்டர் உயர்த்தியது. 1,200 கிலோமீட்டருக்கும் மேல் நீளத்துக்கு இது நடந்தது. மேலே இருந்த தண்ணீர் முழுவதும் உயர்ந்து அலையாகக் கிளம்பி, சுமார் இரண்டரை மணி நேரத்தில் நாகப்பட்டினத்தில் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. பாக் விரிகுடாக் கரைக்கு இலங்கை குறுக்கே நின்றதால் அங்கே பாதிப்பு குறைவு. அந்த இரண்டரை மணி நேரத்தில் எச்சரிக்கை சொல்ல அன்று ஏற்பாடு எதுவும் இல்லை. 2007-இல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது.

2012 ஏப்ரல் 11-ஆம் தேதி அதே சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் அதிர்ந்தபோது தமிழகக் கடலோரத்திலும் எச்சரிக்கை விடுத்தார்கள். பெரிய அலை வரவில்லை. அது விளிம்பில் நடந்ததில்லை. தட்டின் உட்பகுதியில், பாறைகள் பக்கவாட்டில் நழுவியதால் வந்தது. கடலடி மேலே எழும்பாததால் தண்ணீரும் எழவில்லை. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் வெவ்வேறு வேகத்தில் இழுபடுவதால், இரண்டையும் சேர்த்துச் சுமந்த தட்டு இந்தியப் பெருங்கடலுக்கு நடுவே கிழிந்துகொண்டிருக்கிறது என்றும், 2012 அதிர்வு அதன் ஓர் அறிகுறி என்றும் விஞ்ஞானிகள் விளக்குகிறார்கள். அங்கே தெளிவான ஒரு புதிய எல்லை அமைய இன்னும் பல பத்து லட்சம் ஆண்டுகள் ஆகும்.